செட்டிநாட்டில் ஒரு குழந்தைகள் இல்லம்: பெரிய வீடா, சிறு அடுப்புகளா, பிள்ளையின் சொந்த வீடா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பங்கோ சேகரமோ, அதாவது ஓர் ஊர்த் திருச்சபை, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்க உட்கார்ந்தால், பேச்சு பத்தே நிமிடத்தில் கட்டடத்துக்குப் போய்விடும். “இன்னார் வீடு பூட்டியே கிடக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள், ஐம்பது பிள்ளைகள் தாராளமாகப் படுக்கலாம்” என்று ஒருவர் சொல்வார். அப்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது. வீட்டைப் பார்த்து எண்ணிக்கை, எண்ணிக்கையைப் பார்த்துச் சமையல்கட்டு, அதைப் பார்த்து ஆட்கள். குடும்பச் சூழல் என்பது கடைசியாக யோசிக்கும் விஷயமாகிவிடும்.

இரண்டு கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். ஓர் அடுப்பில் எத்தனை பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள்? அவர்களை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பும் அதே ஆள் எத்தனை வருடம் அங்கே இருக்கப் போகிறார்? இந்த இரண்டுக்கும் வரும் விடையை வைத்துத்தான் மூன்று வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறோம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பார்கள்’. அதே வீட்டில், அதே வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி, அவர்களுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரு கூரைக்குக் கீழே பல புள்ளிகள் இருந்தாலும் ஒவ்வொரு புள்ளியும் தனிக் குடும்பம்தான். இத்தனை பெரிய வீட்டைக் கட்டியவர்களே அதை ஒரே சமையலில் நடத்தவில்லை.

முதல் வழி: பெரிய வீடு, ஒரே சமையல்

முப்பது முதல் ஐம்பது பிள்ளைகள், கண்காணிப்பாளர், இரண்டு மூன்று இல்லத்தாய்கள், சமையல்காரர்கள், காவலாளி. நம் ஊர்களில் பழக்கமான அமைப்பு இது. தொடங்குவது எளிது, கொள்முதல் மலிவு, ஆய்வுக்கு வருபவர்களுக்கும் தெரிந்த வடிவம்.

சட்டம் கேட்கும் இடத்தைப் பார்க்கலாம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரி விதிகளின்படி, படுக்கும் கூடத்தில் 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடி, அதாவது தலைக்கு 40 சதுர அடி. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. ஒப்பிட வசதியாக 24 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், படுக்க மட்டும் 960 சதுர அடி, 4 கழிப்பறை, 3 குளியலறை. செட்டியார் வீட்டில் இடம் குறையாதே என்று தோன்றும். ஆனால் வளவு வானம் பார்த்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்தி வரைக்கும் அடிக்கும், அதைப் படுக்கும் இடமாகக் கணக்கில் சேர்க்க முடியாது. சுற்றியுள்ள அறைகள் சாமான் வைக்கக் கட்டியவை. பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கணக்கு வராது, பலவற்றில் ஜன்னலும் இருக்காது. கழிப்பறை பெரும்பாலும் பின்கட்டைத் தாண்டி இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஆறு வயதுப் பிள்ளை மூன்று கட்டு இருட்டைத் தாண்டிப் போகாது, பாயிலேயே நனைத்துவிடும். காலையில் அதற்காக ஏச்சு வாங்கும். அது பிள்ளையின் தவறே இல்லை, கட்டடத்தின் கோளாறு.

இன்னொன்று வாசல். இந்த வீடுகளின் முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரு காவலாளியால் இரண்டையும் பார்க்க முடியாது. பின்வாசலைப் பூட்டிவிட்டால் தீ விபத்தில் வெளியேற வழி கிடையாது. உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போட்டு, திறந்தால் மணி அடிக்கும்படி வைப்பதுதான் வழி. கிணற்றுக்குக் கம்பி மூடி, பழைய வயரிங் முழுவதையும் மாற்றுவது, பக்கத்தில் ஊருணி இருந்தால் அதற்கும் ஒரு ஏற்பாடு, இவையெல்லாம் வாடகைக்கு மேல் வரும் செலவு.

வீட்டுப் பத்திரத்தில்தான் அதிகம் இடறுவார்கள். பூட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவராக இருப்பது அபூர்வம். நான்கு புள்ளி, எட்டுப் புள்ளி என்று பங்கு பிரிந்து, ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் மற்றப் பங்காளிகளை அது கட்டுப்படுத்தாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இல்லத்தின் பதிவோ ஐந்தாண்டுக்கு. பதினோரு மாத ஒப்பந்தத்தை நம்பி ஐந்தாண்டு இல்லம் தொடங்கக் கூடாது. அதோடு, படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) கல்யாணத்துக்கும் முகப்பும் வளவும் வேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது, அது அவர்கள் முன்னோரைக் கும்பிடும் வீடு. ஆனால் அந்த மூன்று நாளுக்கு 24 பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? இதைப் பேசி எழுத்தில் வைக்காமல் குடியேறிய இல்லங்களுக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே சங்கடம் வரும்.

இவ்வளவும் சரிசெய்துவிட்டாலும் ஒரே சமையலில் ஒன்று மட்டும் கிடைக்காது. முப்பது பேருக்குச் சமைக்கிற அடுப்படிக்குள் பிள்ளைகளை விட முடியாது, விடவும் கூடாது: பெரிய அண்டா, கொதிக்கும் சாம்பார். அதனால் தட்டு நீட்டி வாங்குவதோடு பிள்ளைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். மாவு தீர்ந்துபோவதைப் பார்த்திருக்காது. கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணியிருக்காது. பதினெட்டு வயதில் வெளியே போகும்போது முட்டை என்ன விலை, கேஸ் எத்தனை நாள் வரும் என்று தெரியாது. பத்து வருடம் நல்ல சாப்பாடு போட்டு வளர்த்த பிள்ளைக்கு ஒரு வேளைச் சமையல் தெரியாமல் போவது உண்டு.

இரண்டாம் வழி: எட்டுப் பேர், ஓர் அடுப்பு, ஒரு சித்தி

ஆஸ்திரியாவில் இம்ஸ்ட் என்ற ஊரில் 1949-இல் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் இந்த வடிவத்தை உலகறியச் செய்தது: ஒரு தாய், சில பிள்ளைகள், ஒரு வீடு, பக்கத்தில் அதேபோல் சில வீடுகள். நமக்கு அதைவிடப் பழைய, நெருக்கமான உதாரணம் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர். 1901 முதல் அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேலின் இல்லத்தில், வளர்த்த பெண்களைப் பிள்ளைகள் ‘அக்காள்’, ‘சித்தி’ என்றே அழைத்தார்கள். இந்த முறைப்பெயர் சின்ன விஷயம் அல்ல. இல்லத்துக்கு வரும் பிள்ளைகளில் பலருக்குத் தாய் உயிரோடு இருக்கிறாள். இல்லத்தாயை ‘அம்மா’ என்று கூப்பிடச் சொன்னால், விடுமுறையில் பெற்றவள் வந்து நிற்கும்போது பிள்ளை யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தவிக்கும். சித்தி, பெரியம்மா, அத்தை என்ற சொற்களில் உறவு இருக்கிறது, பெற்றவளின் இடமும் அப்படியே இருக்கிறது.

செலவு கட்டுப்படியாகாது என்பதுதான் இந்த வழிக்கு எதிராக எப்போதும் சொல்லப்படுவது. ஆட்களை எண்ணிப் பாருங்கள். 24 பிள்ளைகளுக்கு ஒரே சமையல் என்றால் இல்லத்தாய் 2, சமையல் 2, உதவி 1, ஆக 5 பேர். எட்டெட்டாக மூன்று வீடு என்றால் சித்தி 3, மாற்றுச் சித்தி 1, ஆக 4 பேர். கண்காணிப்பாளர், குழந்தைநல அலுவலர், ஆலோசகர், காவலாளி இரண்டுக்கும் பொது. சமையல்காரருக்குக் கொடுக்கும் சம்பளம் சித்தியின் சம்பளத்தோடு சேர்ந்துவிடுகிறது. அவருக்கு அதிகமாகவே கொடுக்க வேண்டும், கொடுக்கவும் முடியும். கூடுதல் செலவு மூன்று பிரிட்ஜ், மூன்று கேஸ் இணைப்பு, பாத்திரம்.

மாற்றுச் சித்தி என்ற இடத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் முழு ஏற்பாடும் இரண்டே வருடத்தில் உடையும். ஒரு சித்திக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு என்று வைத்தால் ஒரு வீட்டுக்கு 82 நாள் மாற்றாள் தேவை. மூன்று வீட்டுக்கு 246 நாள். அதே ஓய்வும் விடுப்பும் மாற்றுச் சித்திக்கும் உண்டு, எனவே அவர் வேலை செய்யக்கூடியது 283 நாள். மீதி 37 நாள் காய்ச்சலுக்கும் துக்க வீட்டுக்கும் சரியாகப் போகும். நான்கு வீட்டுக்கு 328 நாள் வேண்டும், ஒருவரால் முடியாது. ஆகவே மூன்று வீட்டுக்கு ஒருவர். அவர் முகம் தெரியாத ஆளாக இருக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த, சுழற்சியில் எப்போதும் வருகிற ஒருவராக இருக்க வேண்டும். ஓய்வில்லாத சித்தி முதலில் சிடுசிடுப்பார், பிறகு கை நீட்டுவார், பிறகு வேலையை விட்டுப் போவார். இல்லத்தில் பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம். அந்தக் குற்றம் நடக்கும் நிலைமையை நிர்வாகமே உண்டாக்கிவிடக் கூடாது.

திருச்சபைக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு, மாறுதல். பங்குத்தந்தை மாறுவார், ஆயர் மாறுவார், கன்னியர் மாறுவார்கள். அந்தப் பணியின் ஒழுங்கு அது. ஆகவே பிள்ளையின் அன்றாடத்துக்குப் பொறுப்பான ஆளை அந்த மாறுதல் பட்டியலில் வைக்கக் கூடாது. அருட்சகோதரி கண்காணிப்பாளராக இருக்கலாம். சித்தி உள்ளூர்ப் பெண்ணாக, குறைந்தது ஐந்தாண்டு இருக்க மனமுள்ளவராக, வருங்கால வைப்பு நிதியோடு கூடிய முறையான சம்பளத்தில் இருக்க வேண்டும். ‘ஊழியம்’ என்று சொல்லிக் குறைந்த சம்பளத்தில் வைத்தால், பக்கத்து ஜவுளிக்கடையில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்த அன்றே பிள்ளைகள் இன்னொரு முறை ஆளை இழப்பார்கள்.

ஒரு வீட்டுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் கணக்கு இப்படி. மாதிரி விதிகளின் அளவில் பிள்ளைக்குத் தானியம் 600 கிராம், அதில் 100 கிராம் கேழ்வரகு, கோதுமை, சோளம் இவற்றில் ஒன்று; பருப்பு 120 கிராம்; எண்ணெய் 25 கிராம்; கீரை 100, மற்றக் காய் 130; காலையில் பால் 150 மில்லி; பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்குத் தானியம் 700 கிராம். எட்டுப் பேருக்கு அரிசி 4 கிலோ, சிறுதானியம் 800 கிராம், பருப்பு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, காய்கறி இரண்டு கிலோவை ஒட்டி, பால் 1.2 லிட்டர். அரிசி, எண்ணெய், பருப்பை மூன்று வீட்டுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி வாரத்துக்கு ஒருமுறை அளந்து கொடுக்கலாம். காய்கறிக்கு மட்டும் ஒவ்வொரு சித்தியிடமும் பணமாகக் கொடுங்கள். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாரச்சந்தைக்குப் போய் வரட்டும். முருங்கைக்காய் மலிந்த வாரம் மூன்று வீட்டிலும் மூன்று விதமாகச் சமைப்பார்கள். கருகப்பிடித்த அடிச்சோற்றுக்கு எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை காத்திருக்கும்; அது யார் என்று சித்திக்குத் தெரியும். முப்பது பேர் சமையலில் அதைக் கழுவித்தான் ஊற்றுவார்கள்.

இந்த வழியில் இடறும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குள் ஒரே பெரிய ஆள் என்பதால் தவறு நடந்தால் வெளியே தெரிவது கடினம். அதனால் பிள்ளைகள் சித்தி இல்லாத நேரத்தில் பேச, வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவரும் வெளியாள் ஆலோசகரும் கட்டாயம் வேண்டும். குழந்தைகள் குழு மாதம் கூட வேண்டும். புகார்ப் பெட்டியின் சாவி சித்தியிடமோ கண்காணிப்பாளரிடமோ இருக்கக் கூடாது. 1098 என்ற எண் பிள்ளைகளின் கண் உயரத்தில் சுவரில் இருக்க வேண்டும். அடுத்தது அண்ணன் தங்கை பிரச்சினை. ஆண், பெண் இல்லங்களைத் தனித்தனியாகத்தான் பதிவு செய்வார்கள், எனவே ஒரே வயிற்றுப் பிள்ளைகள் பிரிய நேரும். இரண்டு பதிவுகளையும் நடந்து போகிற தூரத்தில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ஒன்றாக வைத்தால் பாதி காயம் ஆறும். சட்டமே ‘குழு வளர்ப்புப் பராமரிப்பு’ என்று குடும்பம் போன்ற சிறு அலகை வரையறுத்திருக்கிறது. அதில் ஓர் அலகில் எட்டுக்கு மேல் கூடாது. மூன்று வீடு கட்டப் பணம் இல்லாத சபை, ஒரே ஒரு வீட்டோடு அந்த வாசல் வழியாகப் போக முடியுமா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பெரிய செட்டியார் வீடு உண்மையிலேயே நல்ல ஒப்பந்தத்தில் கிடைத்தால் அதையும் இப்படிப் பயன்படுத்தலாம். கட்டுக்கு ஓர் அடுப்பு, ஒரு சித்தி, ஒரு குளியலறைத் தொகுதி என்று பிரித்து, வளவை விளையாடவும் சேர்ந்து ஜெபிக்கவும் வைத்துக்கொள்ளலாம். வேறு வைத்த வீடு மறுபடி அதே முறைக்கு வரும்.

மூன்றாம் வழி: பிள்ளை தன் வீட்டிலேயே, சபை வெளியிலிருந்து

கட்டடம் இல்லாததால், பெயர்ப்பலகை இல்லாததால், இது பெரும்பாலும் கூட்டத்தில் விவாதத்துக்கே வராது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழி என்கிறது. மாற்றுப் பராமரிப்பு பற்றி 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல்கள், வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன.

சபையிடம் வந்த பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உயிரோடிருக்கும் உறவுகளை எழுதுங்கள்: அம்மா, அம்மாச்சி, அப்பத்தா, தாய்மாமன், பெரியப்பா. கணவனை இழந்த தாய் கூலி வேலைக்குப் போவதால் பார்த்துக்கொள்ள ஆளில்லை, பள்ளிச் செலவு முடியவில்லை, இதுதான் காரணம் என்றால் அந்தப் பிள்ளைக்குத் தேவை இல்லம் அல்ல; மாதப் பணம், மாலை நேரத்துக்கு ஓர் இடம், மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஓர் ஆள்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் தமிழக அரசு 2025-இல் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். சபையின் வேலை இந்தப் பணத்தைத் தானே கொடுப்பதல்ல, வாங்கித் தருவது. இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார், பிள்ளை பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கு, இவற்றுக்காக ஒரு பாட்டி நான்கு அலுவலகம் ஏற முடியாது. சபையின் ஆள் கூடப் போனால் நடக்கும். உதவி வரத் தொடங்கும் வரையிலான மாதங்களைச் சபை தாங்க வேண்டும்.

இங்கும் கெடுவது உண்டு. பணம் வீட்டுக் கடனுக்குப் போகும். பிள்ளை மாட்டுக்கும் கைக்குழந்தைக்கும் ஆளாகும். பாட்டி இறந்தால் எல்லாம் ஒரே நாளில் கலையும். குடித்துவிட்டு வரும் மாமன் உள்ள வீட்டுக்குப் பணம் கொடுப்பது பிள்ளைக்கே ஆபத்து. எனவே முதல் ஆறு மாதம் மாதம் ஒரு முறையாவது வீட்டுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் பிள்ளையோடு தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும், பள்ளி வருகைப் பதிவேட்டை நேரில் பார்க்க வேண்டும். ஒரு மோட்டார் சைக்கிளோடு முழுநேர ஊழியர் ஒருவர் 25 வீடுகளை ஒழுங்காகப் பார்க்கலாம். நாற்பது கொடுத்தால் படிவம்தான் நிரம்பும்.

பிள்ளையைப் படிப்புக்காக மட்டும் பெற்றோரே கொண்டுவந்து விடுவது வேறு விஷயம். அது மாணவர் விடுதி. அதற்கு 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் உரிமம் வேண்டும். குழந்தைகள் இல்லத்தோடு அதைக் கலக்காதீர்கள்.

முடிவெடுக்கும் முன்

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்றால் சிவகங்கை; கோனாப்பட்டு, ராயவரம் என்றால் புதுக்கோட்டை. ஆதரவு தேவைப்படும் பிள்ளை எங்கே இருப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவும் பாதுகாப்பு அலகும் அந்தந்த மாவட்டத்துக்கு உரியவை. யாராவது ஒரு பிள்ளையைக் கோயில் வாசலில் விட்டுப் போனால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இரக்கப்பட்டு ஒரு வாரம் வைத்துக்கொண்டாலும் சட்டப்படி தவறுதான். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு வராவிட்டால் அந்தச் சீட்டே ஆறு மாதம் வரை தற்காலிகப் பதிவாக நிற்கும்.

வெளிநாட்டுப் பணத்தை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தைப் படிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடையைப் பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. மறைமாவட்டமோ பேராயமோ வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் என்ற பழைய கணக்கு இனி நடக்காது.

உள்ளூர்ப் பணம் எவ்வளவு தாங்கும்? நம் சபைகளில் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டு வைக்கும் பிடி அரிசிக் காணிக்கை பழைய வழக்கம். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தால், நூறு வீடு தினம் ஒரு பிடி வைத்தால் 4 கிலோ. ஓர் எட்டுப் பிள்ளை வீட்டின் அன்றாட அரிசி அப்படியே வந்துவிடுகிறது. பணம் வற்றும் மாதம் ஜூன். சீருடை, நோட்டு, பை, கட்டணம் எல்லாம் அப்போதுதான். டிசம்பரில் கேக்கும் புதுத்துணியும் குவியும். டிசம்பர்க் காணிக்கையில் ஒரு பங்கை அன்றே ஜூனுக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

பிறந்தநாள் பிரியாணியோடு வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கக் கேட்பார்கள். பிள்ளையின் அடையாளம் வெளியாகும் எதுவும் சட்டம் தடுத்தது. ஆறு மாதம் வரை சிறை உண்டு. அந்தக் குடும்பத்தை ஒரே ஒரு வீட்டோடு சேர்த்துவிட்டு, ‘அந்த வீட்டின் கேஸ் சிலிண்டர் இனி உங்கள் பொறுப்பு’ என்று சொன்னால் பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள்.

வேறு மதத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் வருவார்கள். ஜெப நேரத்தில் உட்காரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, அவர்கள் பெயரை மாற்றவும் கூடாது. பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகவிட வேண்டும்.

எங்கள் பரிந்துரை இதுதான். முதல் ஆண்டு முழுவதும் மூன்றாம் வழியில் ஓர் ஊழியர், 25 குடும்பங்கள். அந்தப் பட்டியலில் எங்கேயும் போக இடமில்லாத பிள்ளைகள் யார் என்று அப்போது தெரிந்துவிடும், அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டாம் ஆண்டு ஒரே ஒரு எட்டுப் பேர் வீடு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு. முதல் வழியை, ஏற்கனவே பெரிய இல்லம் நடத்துகிறவர்கள் அடுப்பு அடுப்பாகப் பிரித்துக் குறைக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

வீட்டுத் திட்டம் வரையும்போது எட்டுப் படுக்கை போக, சித்தியின் அறையை ஒட்டி ஒரு சின்ன அறையையும் வரைந்துவிடுங்கள். பதினெட்டு முடிந்து திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போன பெண் கிறிஸ்துமஸுக்கு வருவாள், வேலை போனாலும் வருவாள், பிரசவத்துக்குக்கூட வருவாள். அவளுக்கென்று ஒரு பாயும் தலையணையும், கொடியில் ஒரு துண்டும் அங்கே இருக்கட்டும்.